அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க

வெப்பமும் ஈரமும் மிகுந்த பருவநிலையில், படுக்கையறை அலமாரியைத் திறந்ததும் எழும் மக்கிய வாடைக்குத் துணியைத்தான் முதலில் குறை சொல்கிறோம். துவைத்த துணியையே மறுபடி துவைத்து, மூலைக்கு மூலை அந்துருண்டையும் போட்டு வைக்கிறோம். அந்துருண்டை பூச்சியைத் தடுக்குமே ஒழிய ஈரத்தை உறிஞ்சாது. அதன் நெடி பூஞ்சையின் வாடையை மறைத்துவிடுவதால், உள்ளே வளர்வது நமக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. பூஞ்சையைத் தடுக்க விரும்புகிறவர் கவனிக்க வேண்டியது துணியை அல்ல, அலமாரியின் பின்பலகையையும் அதற்குப் பின்னால் உள்ள சுவரையும்தான் என்பது என் உறுதியான கருத்து.

பூஞ்சையின் நுண்வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் உண்டு. அவற்றை ஒழிக்க முடியாது. அவை முளைக்கத் தேவையான ஈரத்தைத்தான் நாம் மறுக்க முடியும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருந்தால் அச்சம் குறைவு. ஏதேனும் ஒரு பரப்பை ஒட்டி அது 80 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை பிடிப்பது ஏறக்குறைய உறுதி. இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. 28 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்று, 25 டிகிரிக்குக் குளிர்ந்த சுவரைத் தொடும்போது, குளிர்ந்த காற்றால் குறைவான நீராவியையே தாங்க முடியும் என்பதால், ஒரு சொட்டு நீர்கூடக் கூடாமலேயே அதன் ஈரப்பதம் 95 சதவீதத்தை எட்டிவிடுகிறது. இரவெல்லாம் ஏசி ஓடிக் குளிர்ந்த அறையில், காலையில் ஜன்னல்களைத் திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும்போது நடப்பது இதுவே. நல்ல காற்று வரட்டும் என்று எண்ணித்தான் திறக்கிறோம். அந்தக் காற்றோ குளிர்ந்த பலகைகளின் மேல் தன் ஈரத்தை இறக்கி வைக்கிறது. ஆகவே வெளியே புழுக்கமாக இருக்கும் நாட்களில், அறை தானாகச் சூடேறிய பிறகு ஜன்னலைத் திறப்பதே நல்லது.

குளியலறைச் சுவரையோ மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவரையோ ஒட்டி அலமாரியை வைக்காதிருப்பது மேல். வேறு இடம் இல்லையென்றால் சுவருக்கும் பின்பலகைக்கும் இடையே நான்கு விரற்கடையாவது இடைவெளி விட்டு, அடியிலும் காற்றுப் போகும்படி கால்களை உயர்த்திவிடுங்கள். சுவரிலேயே பதித்த அலமாரியாக இருந்தால் கதவில் காற்றுத் துளைகள் அமைப்பதும், மேல்தட்டு வரை துணியைத் திணிக்காமல் விடுவதும்தான் வழி. இஸ்திரி போட்ட துணியில் நீராவி தங்கியிருக்கும் என்பதால், சூடு ஆறிய பின்பே அடுக்க வேண்டும். தோல் பைகளும் காலணிகளும் ஸ்டார்ச் போட்ட துணிகளும் பூஞ்சைக்கு நல்ல தீனி. அவற்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக மூடி வைத்தால், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி நின்றுவிடும்.

ஈரம் உறிஞ்சும் பொருட்களில் கால்சியம் குளோரைடு வேகமாக வேலை செய்யும். ஆனால் உறிஞ்சிய நீரில் அதுவே கரைந்து திரவமாகிவிடுவதால், டப்பா கவிழ்ந்தால் துணியும் தோலும் கெடும். சிலிக்கா ஜெல்லைச் சூடாக்கி உலர்த்தித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். இரண்டுமே மூடிய சிறிய இடத்துக்குத்தான் போதுமானவை. அறை முழுவதும் ஈரமாக இருந்தால், கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, அலமாரியை மட்டும் திறந்து வைத்து, காற்றின் ஈரத்தை இழுத்தெடுக்கும் மின்கருவியான டீஹியூமிடிஃபையரை ஓட விடுவதே பயன் தரும். குறைந்த விலையில் கிடைக்கும் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி) ஒன்றை அலமாரியின் கீழ்த்தட்டில், பின்பலகையை ஒட்டி வைத்துப் பாருங்கள். அறையின் நடுவே காட்டும் அளவுக்கும் அங்கே காட்டும் அளவுக்கும் உள்ள வேறுபாடு உங்களைத் திகைக்க வைக்கலாம்.

ஏற்கெனவே பூஞ்சை படர்ந்திருந்தால் உலர்ந்த துணியால் தட்டித் துடைக்காதீர்கள். வித்துகள் அறையெங்கும் பரவிவிடும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சோப்புக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுத்து, மின்விசிறிக் காற்றில் பலகையை முழுமையாக உலர்த்துங்கள். பெயின்ட் பூசாத மரத்தில் ப்ளீச் மேற்பரப்பை வெளுக்கச் செய்யுமே தவிர, உள்ளே வேரோடியதை முழுதாக எட்டாது. அழுத்திப் பார்க்கும்போது உப்பி மெத்தென்றிருக்கும் துகள்பலகையை (பார்ட்டிகிள் போர்டு) காப்பாற்ற முயல்வதில் பயனில்லை. அந்தப் பலகையைக் கழற்றி மாற்றிவிட்டு, சுவரின் கசிவையும் சரிசெய்த பிறகே துணிகளைத் திரும்ப அடுக்க வேண்டும்.