400 சைக்கிள் பெட்டி

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். சித்திரை, வைகாசியில் போர்வெல் மோட்டார்கள் வாசல் வரை கிடக்கும். மழை பிடித்துவிட்டால் ஈ ஓட்டுவதுதான் வேலை. அப்படியொரு ஐப்பசியில்தான், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகளில் ஓடும் வால்வு ஆம்ப்ளிஃபயர் கட்டும் பைத்தியம் பிடித்தது.

அதற்காகத் தேடியபோது பெங்களூரில் பழைய இரும்பு விற்பவர் ஒருவரிடம் மூன்று டிரான்ஸ்ஃபார்மர்கள் கிடைத்தன. அமெரிக்க இராணுவம் கழித்துக் கட்டியவை. தகரப் பெட்டிக்குள் வைத்து, விளிம்பெல்லாம் ஈயம் பற்றவைத்து மூடியிருந்தார்கள். ஈரக்காற்று புக ஊசிமுனை வழிகூட இல்லை. எத்தனை வருடம் குப்பையில் கிடந்ததோ, மின்கசிவு பார்க்கும் 500 வோல்ட் மெக்கரில் முள் இன்ஃபினிட்டியை விட்டு அசையவில்லை. நான் போன மாதம் கட்டிக் கொடுத்த மோட்டார்களில் பாதி அப்படிக் காட்டாது.

இரண்டு பெட்டிகள் நல்ல கனம். மூன்றாவது உள்ளங்கையில் அடங்கியது. ஆனால் தகட்டில் அதற்கும் ஏறக்குறைய அதே வாட். காயில் கட்டுகிறவனுக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது.

மூன்றும் அமெரிக்காவின் 115 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230-ஐ 115 வோல்ட்டுக்கு இறக்கி, 100 வாட் பல்பைத் தொடரில் போட்டுச் சின்னப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். பல்பு எரிந்தது, பெட்டி உறுமியது. "அண்ணே, உள்ளே ஷார்ட்" என்றான் கடைப் பையன். தின்னர் தொட்டுத் தகட்டைத் துடைத்தேன். பெயின்ட்டுக்கு அடியில் 400 சைக்கிள் என்றிருந்தது, அதாவது நொடிக்கு 400 அலை.

விமானத்துக்குச் செய்தது. அங்கே எடைதான் எதிரி. அலைவு 400 என்றால் இரும்பு கொஞ்சம் போதும். நம் வீட்டு மின்சாரம் 50. ஒவ்வொரு அரை அலையும் எட்டு மடங்கு நேரம் நீடிப்பதால், இரும்பு எட்டு மடங்கு காந்தப் பாயத்தைச் சுமக்க வேண்டும். அதனால் முடியாது, நிறைந்துவிடும். அதற்குப் பிறகு காயில், மின்னோட்டத்தைத் தடுக்காத வெறும் செம்புக் கம்பிதான். வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் 14 வோல்ட்டுக்கு, அதாவது எட்டில் ஒரு பங்குக்கு இறக்கினேன். சாதுவாகிவிட்டது. ஷார்ட்டும் இல்லை, ஒன்றும் இல்லை.

பெரிய இரண்டும் 50-60 சைக்கிள். இரண்டையும் தொடரில் இணைத்தால் 230 ஆயிற்று என்று நினைத்தேன். சுமை இல்லாதபோது ஆளுக்குச் சரிபாதி எடுத்துக்கொண்டன. ஒன்றில் வால்வுகளைச் சூடாக்கும் ஹீட்டர், இன்னொன்றில் உயர் மின்னழுத்தம் என்று பிரித்துக் கொடுத்ததும் பங்கு குலைந்தது. சுமை குறைந்த பெட்டி அதிக வோல்ட்டை இழுத்துக்கொண்டது, ஹீட்டரில் 6.3 இருக்க வேண்டிய இடத்தில் 7.5. அவசரமாக அணைத்தேன். இரண்டு தனிப் பெட்டிகளைத் தொடரில் போட்டால் சுமையும் சமமாக இருக்க வேண்டும். இருபது வருடம் காயில் கட்டியவனுக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும்; அன்றைக்குத் தோன்றவில்லை.

கடையில் கிடந்த ஸ்டாம்பிங் இரும்புத் தகடுகளை எடுத்து 230-ஐ 115 ஆக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை ஒரே மதியத்தில் கட்டினேன். பெட்டிகள் இரண்டும் அதில் இணையாக உட்கார்ந்தன. ஹீட்டர் 6.3-இல் நின்றது. ஸ்பீக்கருக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் நானே கட்டினேன். ஒற்றை வால்வின் நேர்மின்னோட்டம் அதன் வழியாகவே ஓடுவதால் இரும்புக்கு நடுவே காகிதம் வைத்து இடைவெளி விட வேண்டும். மற்றபடி பெரிய வித்தை இல்லை.

இடம், வலம் என்று பக்கத்துக்கு ஒரு இஎல்84 வால்வு, 250 வோல்ட், ஐந்து வாட் சொச்சம். முதலில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் போட்டேன். பாட்டுக்கு முந்தைய நிசப்தத்தில் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். இரைச்சல் இல்லை.

மோட்டார் எடுக்க வந்திருந்த வேப்பனப்பள்ளி விவசாயி வால்வுகளின் செந்தணலைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது எத்தனை ஹெச்.பி.?" என்றார். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு ஹெச்.பி.யில் எழுபதில் ஒரு பங்கு இருக்கும் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பில் தாள்கள் பறக்காமல் மேலே வைத்திருந்த 400 சைக்கிள் பெட்டியை நகர்த்தி, தன் பில்லை உருவிக்கொண்டார்.