ஊரே என்ற சொல்லுக்கு இரண்டு அட்டை

11 பிப்ரவரி 2026, புதன்

துறைத்தலைவர் பொறுப்பு வந்து நாற்பது நாள் ஆகிறது. இதுவரை ஒரு வாக்கியத்தைக்கூடப் பகுத்துப் பார்க்கவில்லை. இன்று தணிக்கை ஆட்சேபணை. மூன்று வருடத்துக்கு முந்திய கருத்தரங்கில் தேநீருக்குக் கொடுத்த 840 ரூபாய்க்கு ரசீது இல்லையாம். அப்போது நான் இந்தத் துறையிலேயே இல்லை. "ஒரு விளக்கம் எழுதிக் கொடுத்துட்டா போதும் மேடம்" என்றார் கண்காணிப்பாளர். கொடுத்தேன், சந்திப்பிழை இல்லாமல்.

வரும் 18ஆம் தேதி மொழியியலாளர் வ.அய். சுப்பிரமணியம் பிறந்து நூறு ஆண்டு. மாணவர்களிடம் பத்து நிமிடம் பேச வேண்டும்.

13 பிப்ரவரி, வெள்ளி

குறிப்பெடுத்தேன். நாகர்கோவில் வடசேரிக்காரர். அண்ணாமலையில் தமிழ், அப்புறம் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல். பேச்சுத் தமிழின் ஒரு வட்டார வழக்கை எடுத்து, மக்கள் பேசுகிறபடியே விவரிக்கும் விளக்க இலக்கணம் எழுதி முனைவர் பட்டம் வாங்கினார், 1950களில். பேச்சு என்றாலே கொச்சை என்று தமிழாசிரியர்கள் முகம் சுளித்த காலம் அது. எங்கள் ஆச்சி "அவிய வந்தாவ" என்றால் நானே திருத்தியிருக்கிறேன், பத்து வயதில். வெட்கக்கேடு.

15 பிப்ரவரி, ஞாயிறு

நூலகத்திலிருந்து அவருடைய புறநானூற்றுச் சொல்லடைவை எடுத்து வந்திருந்தேன், எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று காட்டும் அகரவரிசைப் பட்டியல். கேரளப் பல்கலைக்கழக வெளியீடு, 1962. புறநானூற்றின் நானூறு பாடல்களில் 267, 268 இரண்டும் கிடைக்காததால் கையில் இருப்பவை 398. சொல் சொல்லாக அடைவு செய்வது என்ன வேலை என்று பார்க்க 192ஆம் பாட்டின் முதல் அடியை மட்டும் அட்டைகளில் எழுதினேன். "யாதும் ஊரே" என்பதில் ஊரே எங்கே போகும்? ஊர் ஓர் அட்டை, ஏகாரம் ஓர் அட்டை. "யாதும்" உம்மைக்கு இன்னொன்று. நாலு சொல்லுக்குள் காப்பி ஆறிவிட்டது.

17 பிப்ரவரி, செவ்வாய்

சுப்பிரமணியம் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். 1986 வரை இருந்தார். சுவடிப்புலம், அறிவியல் புலம் என ஐந்து புலங்கள் கொண்ட பல்கலைக்கழகம் அது. நாற்காலியில் உட்கார்ந்தால் ஆய்வு போச்சு என்பார்கள். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. 1971இல் திராவிட மொழியியற் கழகம், 1977இல் திருவனந்தபுரத்தில் பன்னாட்டுத் திராவிட மொழியியற் பள்ளி என்ற ஆய்வு நிறுவனம். இரண்டுமே தஞ்சைக்கு முன்பு தொடங்கியவை. பதவி முடிந்ததும் அந்தப் பள்ளிக்கே திரும்பினார். திரும்பிப் போக ஓரிடம் வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். எனக்கு அப்படி என்ன இருக்கிறது? பாதியில் நிற்கும் ஒரு கட்டுரை.

18 பிப்ரவரி, புதன்

பேசினேன். சொல்லடைவைக் கணினியில் அரை நிமிடத்தில் செய்யலாமே என்றான் ஒரு மாணவன். சரி, ஊரேயை எங்கே வெட்டச் சொல்வாய் என்றேன். யோசித்துக்கொண்டே போனான்.

அறைக்கு வந்தால் மேசையில் 840 ரூபாய்க் கோப்பு. விளக்கத்தில் தேதி போடவில்லையாம். போட்டு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, அட்டைகளை எடுத்தேன்.