போடிமெட்டு ஏறி, குமுளி இறங்கி

ஜனவரி 11, ஞாயிறு. போடி

வரும் சனிக்கிழமை பைக்கில் கிளம்புகிறேன். போடிமெட்டு ஏறி மூணாறு. அங்கிருந்து மறையூர் போய்த் திரும்பி, பூப்பாறை, நெடுங்கண்டம் வழியாகக் குமுளி. குமுளி மலை இறங்கினால் லோயர் கேம்ப், கூடலூர், கம்பம், வீடு.

லைசென்ஸ் கைக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் எல்லோரும் ஒரே பேச்சு: "முதல்ல நாலுவழிச் சாலையில திருச்சி வரைக்கும் ஓட்டிப் பாரு, மலைக்கு அப்புறம் போகலாம்." எனக்கு அதில் உடன்பாடில்லை. நாலுவழிச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கை என்ன செய்கிறது, கண் எங்கே போகிறது என்று நமக்கே தெரியாது. எல்லாவற்றையும் சாலையே சரிசெய்து கொடுத்துவிடும். மலையில் 25-ல் போகும்போது கியரோ பார்வையோ கொஞ்சம் பிசகினாலும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பழகுகிறவளுக்கு அதுதானே வேண்டும்?

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த மலைப்பாதையில் சின்ன வயதிலிருந்தே போய் வருகிறேன். ஆனால் எப்போதும் ஜீப்பின் கடைசியில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்துதான். அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். பள்ளி லீவு நாளில் நானும் தொற்றிக்கொள்வேன். கடந்து போன வளைவுகளைத்தான் பார்த்திருக்கிறேன். வரப்போகிற வளைவைப் பார்த்ததே இல்லை.

வண்டி யமஹா எஃப்.இசட்., 149 சிசி, ஒரு கை மாறி வந்தது. அண்ணன் தன் பட்டறையில் வைத்து எஞ்சின் ஆயில், பிரேக் பேடு, கிளட்ச் கேபிள் மாற்றிவிட்டார். இன்று மதியம் முழுக்கப் பாடம். காற்றை டயர் சூடேறாதபோதுதான் அளக்க வேண்டும். ஓட்டிவிட்டு வந்து அளந்தால் கூடுதலாகக் காட்டும். செயின் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும், அதற்கு மேல் தொங்கக் கூடாது. "டேங்க்கை முட்டியால புடி, ஹேண்டிலைக் கையால தொடு, அவ்வளவுதான். இறுக்கிப் புடிச்சா பூப்பாறை வரதுக்குள்ள தோள்பட்டை போயிரும்" என்றார்.

ஜனவரி 16, வெள்ளி

மாட்டுப் பொங்கல். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில். மழைக்கோட்டு, ஸ்வெட்டர், டியூப்லெஸ் பஞ்சர் கிட், பழைய கிளட்ச் கேபிள் (நல்லது, உதவும்). பையைப் பின்சீட்டில் குறுக்காகக் கட்டினேன், எடை இரு பக்கமும் சமமாக இருக்கும்படி.

அம்மா எதுவும் சொல்லவில்லை. சாப்பிடும்போது மட்டும், "மெட்டுல பனி எறங்குச்சுன்னா நின்னுரு. டிரைவரு அண்ணன்மாரே நின்னுருவாங்க" என்றார்.

ஜனவரி 17, சனி. மூணாறு

முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது விடிந்து கொஞ்ச நேரம். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். இதுதான் கொச்சி – தொண்டி தேசிய நெடுஞ்சாலை, எண் 85. பெயர்தான் நெடுஞ்சாலை; இந்தத் துண்டில் இரண்டு பேருந்துகள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கித்தான் ஆக வேண்டும்.

வளைவுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்கிறேன். ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசிதான் கடினம். நாம் இடப்பக்கம் போகிறவர்கள் என்பதால் உள்வட்டம் நமக்கு வருகிறது, அங்கே ஏற்றம் செங்குத்து. மூன்றாவது கியரில் உள்ளே போனால் வண்டி திணறி நடுவில் நின்றுவிடும். நின்ற வண்டி பின்னால் உருளும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகம் குறைத்து, இரண்டாவதுக்கு வந்து, ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்துக்கொண்டே திரும்ப வேண்டும். வளைவுக்குள் போன பிறகு கியரையும் தொடக் கூடாது, முன் பிரேக்கையும் தொடக் கூடாது. வலப்பக்க வளைவு அகலமானது, ஏறுவதற்கு எளிது, ஆனால் மேலிருந்து வருகிறவன் அதைக் குறுக்கே அறுத்துக்கொண்டு நம் பக்கம் வருவான். அங்கே ஹாரனும் காதும்தான் துணை.

அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னது பார்வையைப் பற்றி: எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு, கைப்பிடிச் சுவரைப் பார்த்தால் சுவருக்கு. முதல் வளைவுகளில் என் கண் முன்சக்கரத்துக்கு ஐந்தடி முன்னால்தான் நின்றது. புலியூத்துப் பக்கம் வந்தபோது தலையைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பார்த்துவிட்டேன். வண்டி தானாகச் சாய்ந்து அந்த இடத்துக்கே போனது. ஹெல்மெட்டுக்குள் சத்தமாகச் சிரித்தேன்.

பொங்கல் விடுமுறைக் கூட்டம் உண்டு. ஒரு பெரிய பைக் கூட்டம், ஹெல்மெட்டில் கேமரா வைத்துக்கொண்டு, ஒரு பேருந்தைக் கொண்டை ஊசியிலேயே முந்தியது. பேருந்து ஓட்டுநர் பிரேக் பிடித்து நின்றதால்தான் எதிரே வந்த வேனில் இருந்த குடும்பம் தப்பியது. இதை வீரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பேருந்தில் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இது சுற்றுலாச் சாலை இல்லை.

போடிமெட்டில் கட்டன் சாயா. கடைக்காரர் போடிக்காரர், விலைப்பட்டியல் மலையாளத்தில். எல்லை தாண்டியதும் இருபுறமும் ஏலக்காடு. பூப்பாறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆனையிறங்கல் அணை, அப்புறம் தேயிலை. சின்னக்கானல் பகுதியில் யானை கடக்கும் இடம் என்று பலகைகள் நிற்கின்றன. எங்கள் பக்கத்து ஆட்கள் அதைப் படிக்காமல் தாண்டமாட்டார்கள். 2023 ஏப்ரல் கடைசியில் இங்கே பிடித்துப் பெரியார் காட்டில் கொண்டுபோய் விட்ட அரிக்கொம்பன், மே 27 அன்று கம்பம் டவுனுக்குள் நடந்து வந்ததை நாங்கள் மறக்க முடியுமா? அரிசி ருசி கண்ட யானை. அதன் மேல் எனக்கு வருத்தம்தான் அதிகம். அது நடந்த வழியில் இன்று ரிசார்ட் வெளிச்சம்.

கேப் ரோடு இப்போது அகலமாகிவிட்டது, வழவழப்பு. அகலம் வந்ததும் எல்லோரும் விரட்டுகிறார்கள். நான் நாற்பதைத் தாண்டவில்லை. ஒரு பக்கம் வெட்டிய பாறை, மறுபக்கம் கீழே பள்ளத்தாக்கு வரை திறந்து கிடக்கிறது. நிறுத்தி இறங்கி நின்று பார்த்தேன்.

தேவிகுளம் தாண்டி மூணாறு. சித்தி வீடு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில். கிளட்ச் பிடித்த இடது முன்கை விண்விண்ணென்று வலிக்கிறது. சித்தி வெந்நீர் ஊற்றிவிட்டு, "தனியாவாடி வந்த?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கும்படி கேட்டார். அந்த நாலு வீட்டுப் பெண்களும் வண்டியைப் பார்க்க வந்தார்கள். ஒரு அக்கா சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு இறங்கவே மனசில்லாமல் இருந்தார்.

ஜனவரி 18, ஞாயிறு. மூணாறு

காலையில் சீட் மேல் உறைபனி. வண்டியை ஸ்டார்ட் செய்து சும்மா முறுக்காமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். டயர் குளிர்ந்திருக்கும்போது பிடிமானம் குறைவு, தேயிலைக்காட்டு நிழலில் ரோடும் ஈரம். முதல் பத்து கிலோமீட்டர் நடைவேகத்துக்கும் கொஞ்சம் மேல்.

ராஜமலை அடிவாரத்தில் வரையாடு பார்க்க வந்தவர்களின் வரிசை. அங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம்தான் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு மண்சரிந்து லயங்களை மூடியது, 70 பேர். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். நேற்றிரவு சித்தி அந்தக் குடும்பங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பெயர்களை இங்கே எழுதமாட்டேன். ஆனால் மூணாறு என்றால் பச்சைக் கம்பளம் என்று எழுதுகிறவர்கள் இதையும் ஒரு வரி எழுத வேண்டும். அந்தப் பச்சையைக் கிள்ளி வளர்த்த கைகள் எங்கே குடியிருக்கின்றன என்பதும் மூணாறு பற்றிய செய்திதான். 2015-ல் கூலிக்கும் போனஸுக்கும் மூணாறு ரோட்டையே மறித்து உட்கார்ந்த பெண்கள் இவர்கள்.

மறையூர் வேறு நாடு. நாற்பது கிலோமீட்டருக்குள் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. மழை மறைவுப் பகுதி என்பதால் தேயிலை மறைந்து சந்தனக்காடு, கரும்பு. கம்பி வேலிக்குள் சந்தன மரங்கள். ஒரு ஆலைக்கொட்டகையில் சூடு ஆறாத வெல்லத்தைக் கையால் உருட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு கிலோ வாங்கினேன். சின்னாறு வரை போக ஆசைதான், வெளிச்சத்தோடு திரும்ப வேண்டும் என்பதால் போகவில்லை.

ஜனவரி 19, திங்கள். குமுளி

இன்றுதான் நெடுந்தூரம். பூப்பாறை வந்து தெற்கே திரும்பி சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், புளியன்மலை, ஆனக்கரை, குமுளி. வழி முழுக்க ஏலம். கடையில் நான் தினமும் சலித்துத் தரம் பார்க்கிற காய், இந்த மரநிழல்களில்தான் செடியின் அடியில் மண்ணை ஒட்டிக் காய்க்கிறது. பச்சை நிறம் கெடாமல் உலர்த்துகிற ஸ்டோர்களின் வாசனை ஹெல்மெட்டுக்குள்ளும் வந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஓட்டினேன்.

நெடுங்கண்டம் பக்கம் ஜீப்புகள் எதிர்ப்பட்டன. கம்பம், உத்தமபாளையத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்கு வருகிற பெண்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணவே முடியாது. இருட்டில் கிளம்பி, வேலை முடிந்து, டிரைவர் மூன்றாவது நடைக்கு விரட்டிக்கொண்டு இறங்கும்போதுதான் விபத்துகள் நடக்கின்றன. தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறார்கள். நேரத்துக்கு ஒரு பேருந்து விட்டால் பாதித் துயரம் தீரும். இந்த ரோட்டில் இரண்டு கையையும் ஹேண்டிலில் வைத்துப் போன பிறகு, அந்த ஜீப்பின் கடைசிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா எத்தனை வருடம் போயிருக்கிறார் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஒரு ஜீப்பிலிருந்து கை காட்டினார்கள். நான் ஹாரன் அடித்தேன்.

மதியம் கப்பையும் மீன் கறியும். நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை செயினுக்கு ஸ்ப்ரே தேவையில்லை, ஐந்நூறுக்கு ஒரு முறை போதும். ஆனால் இந்தத் தூசிக்கு நான் துடைத்துவிட்டேன். குமுளியில் கடைத் தோழியின் மாமியார் வீட்டில் தங்கல். சபரிமலை சீசன் முடிகிற நேரம். ஆந்திர, கர்நாடக வண்டிகள் இன்னும் ஊரை நிறைக்கின்றன.

ஜனவரி 20, செவ்வாய். வீடு

ஏறத் தெரிந்தால் ஓட்டத் தெரிந்த மாதிரி என்று நினைத்திருந்தவர்களை இறக்கம் பிரித்துக் காட்டிவிடும். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துவைக்கும். கிளட்சை அழுத்தி நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் செய்வார்கள். அப்போது மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து, டிஸ்க் சூடேறி, லீவர் மெத்தென்று உள்ளே போகும். நான் இரண்டாவதிலேயே இறங்கினேன். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து ஒரு பிடி, விட்டுவிட்டு வளைவு. மேலே ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது சாலை விதிகளிலேயே இருக்கிறது. மாதா கோயில் பக்கம் ஒரு சரக்கு லாரிக்காக ஓரம் கட்டி நின்றேன். டிரைவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

இரைச்சல் பாலம் தாண்டியதும் மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து இதன் வழியாகத்தான் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு விழுகிறது. லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தில் இறங்கினேன். ஜனவரி 15 அவர் பிறந்தநாள். ஊரார் போட்ட மாலை சிலையில் இன்னும் காயாமல் இருந்தது. அவர் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-ல் திறந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில். மேலே குளிரில் கிடந்த ஏரியைக் கீழே வயலாகப் பார்க்க இந்த இறக்கம்தான் சரியான வழி. காரில் வந்தால் அரை மணியில் முடிந்துவிடும். எனக்கு ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு பங்கு சூடாகிக்கொண்டே வந்தது.

கூடலூரில் பன்னீர் திராட்சை வாங்கி, கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக நேர் ரோட்டில் ஓட்டினேன். நேர் ரோடு சப்பென்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் முதலில் பின்டயரைத் தடவிப் பார்த்தார், அப்புறம் பிரேக் பேடு. "பேடு தேயவே இல்லையே, கியர்லயேதான் எறங்கியிருக்க" என்றார். அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது, எனக்கும் வேண்டாம். அடுத்து வால்பாறை என்று சொல்லிவிட்டேன். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி. அதற்கு முன் பின்டயர் மாற்ற வேண்டுமாம். தேனியில் விலை கேட்டுச் சொல்கிறேன் என்றார்.