ரெண்டு பாட்டி பேரு, ஒரு பாப்பா

தம்பிக்கு பொண்ணு பொறந்திருக்கு. அயர்லாந்துல, கார்க் ஊர்ல. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க, அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா பென்னாகரத்துல பாக்கறவங்க எல்லாம் அதைக் கேட்டுட்டு அடுத்த கேள்வியா "பேரு வச்சாச்சா, வெள்ளைக்கார பேரா நம்ம பேரா"ன்னுதான் கேக்கறாங்க. இன்னும் வைக்கல. அங்க மூணு மாசத்துக்குள்ள பிறப்பைப் பதிவு பண்ணிடணுமாம், அதனால அவசரம் ஒண்ணும் இல்ல, ஆனா வீட்ல தினமும் இதே பேச்சுதான்.

எங்க பக்கம் பேரு மாதம்மா. எங்க அம்மா பேரு. தர்மபுரி ஜில்லாக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம், காவிரிக்கு அந்தப்பக்கம் மாதேஸ்வரன் மலைக்கு வேண்டிக்கிட்டுப் பொறந்த புள்ளைங்களுக்கு மாது, மாதையன், மாதப்பன், மாதம்மான்னு வைக்கிறது இங்க வழிவழியா வர்றது. எங்க அம்மா ரேஷன் கார்டுல மாதம்மாள், ஓட்டர் ஐடில மாதம்மா, பட்டாவுல இன்னொரு மாதிரி எழுத்து, ஆனா எங்க அப்பா வாயால அந்தப் பேரை நான் கேட்டதே இல்ல, "ஏ புள்ள"தான் கடைசி வரைக்கும். அம்மா போனதுக்கு அப்புறம்தான் காரியப் பத்திரிக்கைக்குப் பேரு சொல்லுங்கன்னு பிரஸ்ல கேட்டப்ப சொன்னாரு, அதுவும் பாதியில குரல் நின்னுடுச்சு. அதனால பேத்திக்கு அந்தப் பேரு வேணும்னு அவர் கேக்கறதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

அந்தப் பக்கம் பேரு ஷிவோன். நாங்க முதல்ல என்ன நெனச்சோம்னா தம்பி பொண்டாட்டி ஏதோ ஸ்டைலான பேரா தேடி எடுத்திருக்கான்னு. அப்புறம் அவகிட்டயே பேசினப்பதான் தெரிஞ்சது, ஷிவோன் அவளோட அம்மா பேரு. அயர்லாந்துல பழைய குடும்பங்கள்ல ஒரு முறையே இருந்திருக்கு, மூத்த பையனுக்கு அப்பாவோட அப்பா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவோட அப்பா பேரு, மூத்த பொண்ணுக்கு அம்மாவோட அம்மா பேரு, ரெண்டாவது பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேரு. இப்ப எல்லாரும் அப்படியே பண்றது இல்ல, ஆனா அவங்க வீட்ல விடல. அப்ப இதுல வெள்ளைக்கார பேரா நம்ம பேராங்கிற கேள்வியே தப்பு. ரெண்டும் பாட்டி பேருதான், ரெண்டு வீட்டுக்கும் உரிமை இருக்கு.

அந்தப் பேரோட எழுத்தைப் பாத்தா யாருக்கும் படிக்க வராது, எஸ் ஐ ஓ பி ஹெச் ஏ என். ஐரிஷ் மொழிக்கு பழையபடி 18 எழுத்துதான், அதுல வி கிடையாது, அதனால பி ஹெச் சேர்த்து வ சத்தத்தைக் கொண்டு வர்றாங்க. நம்மளும் ஒரே ப வச்சுக்கிட்டு பாப்பாவும் எழுதறோம் கம்பமும் எழுதறோம், படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது ஒரு கஷ்டமே இல்ல. எங்க பக்கத்து வீட்டு பெரியம்மா காதுல சிவன்னு விழுந்து "சாமி பேருதானே, வையுங்க"ன்னு ஆசீர்வாதமே பண்ணிட்டாங்க.

இந்தப் பேருங்க அங்க சும்மா நிலைச்சு நிக்கல. இங்கிலீஷ்காரங்க ஆட்சியில ரிஜிஸ்டர்ல ஐரிஷ் பேரை இங்கிலீஷாக்கி எழுதறது வழக்கமா இருந்திருக்கு, 1864ல எல்லாருக்கும் பிறப்புப் பதிவு வந்தப்பவும் அதே கதைதான், வீட்ல ஷிவோன்னு கூப்பிடற புள்ள பேப்பர்ல ஜொஹன்னாவாவோ ஹன்னாவாவோ இருக்கும். அப்புறம் 1893ல கேலிக் லீக்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சு மொழியை மீட்கணும்னு ஊர் ஊரா வேலை பாத்தாங்க, அந்த அலையிலதான் இந்தப் பேருங்க பேப்பருக்கும் திரும்பி வந்தது. அவங்க இவ்வளவு பாடுபட்டு மீட்டுக்கிட்டாங்க, நம்ம ஜில்லாவுல யாரும் பிடுங்காமலே மாதம்மாவையும் பச்சையம்மாவையும் நம்மளே விட்டுட்டு நெட்ல தேடி எடுத்த பேரா வச்சுக்கிட்டிருக்கோம். இதை நெனச்சா எனக்கு மனசு கேக்கவே மாட்டேங்குது.

இன்னொரு விஷயம், இதைத்தான் நான் தம்பிகிட்ட திரும்பத் திரும்ப சொன்னேன். நமக்கு இனிஷியல்தான், சர்நேம் கிடையாது. பாஸ்போர்ட் எடுக்கறப்ப அந்தக் கட்டத்துல அப்பா பேரைப் போட்டான், அதனால அங்க அவன் குடும்பப் பேரே தீர்த்தகிரி ஆயிடுச்சு. அரூர் பக்கம் தீர்த்தமலை சாமி பேரு, கார்க்ல ஒரு குழந்தை பள்ளிக்கூடம் போற வரைக்கும் போகும், அதுக்கப்புறமும் போகும். தாத்தா பேரு தானா தங்கிடுச்சு, பாட்டி பேருக்குத்தான் எங்கயும் இடம் இல்ல. அவங்க பக்கமும் அப்படித்தான், ஓ, மெக்னு வர்ற குடும்பப் பேரெல்லாம் ஏதோ ஒரு காலத்து ஆம்பளையோட வாரிசுன்னு சொல்றதுதான். தம்பி ஒரு தடவை கார்க் யுனிவர்சிட்டில நிறுத்தி வச்சிருக்கிற, ஓகம்ங்கிற பழைய ஐரிஷ் எழுத்து வெட்டின கல்லுங்களை வீடியோ கால்ல காட்டினான், கல்லோட விளிம்புல கோடு கோடா கீறி இன்னார் மகன் இன்னார்னு எழுதியிருக்கு, ஆயிரத்து ஐநூறு வருஷம் பக்கம் பழசு. எனக்கு உடனே தர்மபுரி அருங்காட்சியகத்துல இருக்கிற நடுகல்லுங்கதான் ஞாபகம் வந்தது, மாடு மீட்கப் போய் செத்தவன் பேரு, அவன் யார் சேவகன்னு வட்டெழுத்துல வெட்டியிருப்பாங்களே, அது. கல்லுல ஏறினது ரெண்டு ஊர்லயும் பெரும்பாலும் ஆம்பளைங்க பேருதான். பொம்பள பேரு நிக்கணும்னா இன்னொரு பொண்ணுக்கு வச்சு வாய் நிறையக் கூப்பிட்டாத்தான் உண்டு.

இதுக்கு நடுவுல தம்பி ஒரு சமாதானம் கண்டுபிடிச்சான், தாரான்னு வச்சுடலாம்க்கான்னு. ரெண்டு ஊர்லயும் செல்லும், மீத் கவுண்டியில பழைய ராஜாங்க இருந்த தாரா குன்றும் இருக்கு, நம்ம வாய்க்கும் ஈஸி, யாருக்கும் வருத்தம் இல்ல. நல்ல பேருதான், நான் இல்லேங்கல. ஆனா எங்க வீட்லயும் தாரா கிடையாது, அவங்க வீட்லயும் கிடையாது. யாருக்கும் வருத்தம் வராம இருக்க யாரோடதும் இல்லாத பேரை வைக்கிறதுல எனக்கு சம்மதமே இல்ல. முன்னாடி தாரா, நடுவுல மாதம்மான்னு ஒளிச்சு வைக்கிறேன்னான், அதுவும் வேணாம், நடுப்பேரு பாஸ்போர்ட்ல மட்டும்தான் இருக்கும், சோத்துக்கு யாரும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க.

என் விருப்பம் மாதம்மாதான், முதல் பேராவே. ஷிவோன் அம்மா நல்லா இருக்காங்க, இப்ப பேத்தியை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிற போட்டோ வந்திருக்கு, அவங்க பேரு அவங்ககிட்டயே இருக்கு, எங்க அம்மாதான் இல்ல. அங்க ஸ்கூல்ல டீச்சருக்கு வாயில வருமான்னு தம்பி பயப்படறான், ஷிவோன், நீவ், ஈஃபான்னு அவங்க பேருங்களை உலகத்துக்கே சொல்லிக் குடுத்த ஜனம், மாதம்மாவைக் கத்துக்காதா என்ன.

ஆனா பெத்தவ அவ. அவ ஷிவோன்தான்னு சொன்னா எனக்கு ஒரு குறையும் இல்ல. தை மாசம் ஊருக்கு வர்றாங்க, அத்தைங்கிற முறையில தொட்டில்ல போட்டு காதுல மூணு தடவை பேரு சொல்ல வேண்டியது நான்தான், ஷிவோன், ஷிவோன், ஷிவோன்னு நிறைஞ்ச மனசோட சொல்லுவேன். அப்பாகிட்டயும் பேசிட்டேன், ரெண்டாவதும் பொண்ணா பொறந்தா அவங்க முறைப்படியே அப்பாவோட அம்மா பேருதான் வரணும், அது மாதம்மாதான்னு. அவர் "அதுவரைக்கும் நான் இருக்கணுமே"ன்னாரு, நீ இருப்பன்னு சொல்லியிருக்கேன். ரெண்டுல எதுவா இருந்தாலும் சரி, தாரா மட்டும் வேணாம்டான்னு தம்பிகிட்ட கண்டிஷனா சொல்லிட்டேன்.