ஜாஸ் பேஸில் பாட் மாற்றிய கதை

பத்து ஆண்டுகளாக என்னிடம் இருக்கும் பேஸ் கிட்டார், 1960இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஜாஸ் பேஸின் அமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. இரண்டு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் காந்தச் சுருள்), இரண்டு வால்யூம், ஒரு டோன். (முதலில் வந்த ஜாஸ் பேஸ்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரட்டைக் குமிழ்கள் இருந்தன. மூன்று தனிக் குமிழ்கள் 1962 வாக்கில்தான் வந்தன.) கழுத்துப் பக்கத்து வால்யூமைத் தொட்டாலே கரகரவென்று சத்தம். காண்டாக்ட் கிளீனர் அடித்தால் இரண்டு வாரம் அமைதியாக இருக்கும், பிறகு மறுபடியும் தொடங்கிவிடும். போன மாதம் குமிழின் பாதிச் சுற்றில் ஒலி அடியோடு அறுந்தது.

குமிழுக்கு அடியிலிருக்கும் பாட்டை (பொட்டென்ஷியோமீட்டர், திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) கழற்றி, பின்மூடியைப் பிரித்தேன். உள்ளே லாட வடிவில் ஒரு கரித்தடம். அதன்மேல் உலோக நாக்கு ஒன்று உரசிக்கொண்டே நகர்கிறது. பாட் என்பது இவ்வளவுதான். ஒலி அறுந்த இடத்தில் கரி தேய்ந்து அடியிலிருந்த பழுப்பு அட்டை தெரிந்தது. தேய்ந்த கரியை எந்தத் திரவமும் திருப்பித் தராது. மூன்றையும் மாற்றிவிட முடிவு செய்தேன்.

250 கிலோ ஓம், லாக் வகை, 24 மில்லிமீட்டர் உடல் கொண்ட, சிடிஎஸ் நிறுவனத்தின் பாட் நான்கு வாங்கினேன். மூன்று போதும், ஆனால் தேர்ந்தெடுக்க ஒன்று கூடுதலாக வேண்டியிருந்தது. பழையவற்றில் பி250கே என்று அச்சிட்டிருந்தது. பி என்றால் லீனியர் (திருப்பும் அளவுக்கு நேராகத் தடை மாறுவது), ஏ என்றால் லாக் (முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் மாறுவது). லீனியர் வால்யூமைக் குறைக்கும்போது பாதி தூரம் வரை மாற்றமே தெரியாது, கடைசிச் சிறு திருப்பத்தில் ஒலி சட்டென்று விழுந்துவிடும். நம் காது கேட்கும் விதத்துக்கு லாக்தான் ஒத்துப்போகிறது.

பொருத்தப் போனபோதுதான் அளவுச் சிக்கல் புரிந்தது. புதிய பாட்டின் கழுத்து மரை முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர். என் பேஸின் தகட்டிலிருந்த துளை எட்டே மில்லிமீட்டர். அச்சும் 6.35 மில்லிமீட்டர். பழைய குமிழின் துளையோ 6 மில்லிமீட்டர்! புதிய குமிழ்கள் வர ஒரு வாரம் காத்திருந்தேன். துளைகளை ரீமரால் கையாலேயே அகலப்படுத்தினேன். மெல்லிய தகட்டில் துளைக்கருவியை ஓட்டினால் நுனி மாட்டி, தகடு வளைந்துவிடும். வாங்குவதற்கு முன் அச்சு, கழுத்து, துளை மூன்றையும் அளந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்து மல்டிமீட்டர். பாட் எந்தக் கம்பியோடும் சேராமல் தனியாக இருக்கும்போதே அளக்க வேண்டும். பிக்கப்போடு இணைந்திருந்தால் மீட்டர் அதன் கம்பிச்சுருளையும் சேர்த்துப் படித்து, சில கிலோ ஓம் என்றுதான் காட்டும். நான்கும் 238, 244, 261, 272 என்று வந்தன. 250 என்று எழுதியிருந்தாலும் பத்து சதவீதம் கூடக் குறைய இருப்பது இயல்பு. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது பாதித் திருப்பத்தின் அளவு: பாட்டின் மூன்று கால்களில், கிரவுண்டுக்கு (மின்சுற்றின் பொதுக் கம்பிக்கு) போகும் ஓரக் காலுக்கும் நாக்கோடு சேர்ந்த நடுக்காலுக்கும் இடையே முறையே 24, 33, 34, 29 கிலோ ஓம். அதனால் 244ஐயும் 261ஐயும் வால்யூமுக்கு எடுத்துக்கொண்டேன். இரண்டு குமிழையும் ஒரே இடத்தில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் ஒரே அளவு குறைய வேண்டும் அல்லவா? 272 டோனுக்குப் போனது.

பாட்டின் முதுகில் கிரவுண்டுக் கம்பியைப் பற்றவைப்பதை முதலில் பழைய பாட்டில் பழகினேன். 25 வாட் சால்டரிங் அயன் போதவில்லை. அந்தப் பெரிய உடல் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, ஈயம் உருண்டையாக நின்றது. நீண்ட நேரம் அழுத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் கரித்தடம் பாழாகும். 60 வாட் அயனை எடுத்து, முதுகை உப்புத்தாளால் தேய்த்து, சட்டென்று தொட்டு எடுத்ததும் ஈயம் தண்ணீர்போலப் பரவியது.

இனி, இரண்டு மாலைப்பொழுதுகளை எடுத்துக்கொண்ட விஷயம். ஒற்றை வால்யூம் கிட்டாரில் செய்வதுபோல, பிக்கப்பின் கம்பியை மற்ற ஓரக் காலிலும் வெளியே போகும் கம்பியை நடுக்காலிலும் பற்றவைத்தேன். வாசித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஒரு வால்யூமை முழுவதும் குறைத்ததும் இரண்டு பிக்கப்பும் ஊமையாகிவிட்டன. ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஒவ்வொரு பற்றாகத் தேடினேன். தவறு பற்றில் இல்லை. நடுக்கால் கிரவுண்டைத் தொடும்போது, இரண்டு பாட்டுக்கும் பொதுவான வெளியீட்டுக் கம்பியும் கிரவுண்டாகிவிடுகிறது. அதனால்தான் ஜாஸ் பேஸில் பிக்கப் நடுக்காலுக்கும், வெளியீடு ஓரக் காலுக்கும் போகின்றன. அப்போது குறைக்கப்பட்ட பிக்கப் மட்டும் கிரவுண்டாகும், வெளியீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே முழு 250 கிலோ ஓம் காவல் நிற்கும். இதற்கு ஒரு விலையும் உண்டு: வால்யூமைச் சற்றுக் குறைத்தாலே அந்தப் பிக்கப்பின் உச்ச ஒலியும் மங்கும். எனக்கு அந்த மங்கல் பிடித்திருக்கிறது.

இந்த இணைப்பு புரிந்த பிறகு இன்னொன்றும் தெளிந்தது. எல்லாக் குமிழ்களும் முழுதாகத் திறந்திருக்கும்போது மூன்று பாட்டும் பக்க இணைப்பில் சேர்ந்து, உச்ச ஒலிகளுக்குச் சுமார் 83 கிலோ ஓம் பாரமாகின்றன. 500 கிலோ ஓம் பாட் போட்டால் அது இரட்டிப்பாகும், ஒலி கூர்மையாகும். தந்தியில் விரல் உரசும் சத்தமும் கூடவே எழும். அதனால் 250இலேயே நின்றேன். டோனில் பழைய 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையே வைத்துக்கொண்டேன்.

நேற்றிரவு தந்திகளைக் கட்டி முடித்தேன். கரகரப்பு அறவே இல்லை. இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்போது இரைச்சலும் அடங்குகிறது. ஒன்றைக் குறைத்தால் இரைச்சல் திரும்புகிறது. இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் சமமாக இருக்கும்போது மட்டுமே ஒன்றின் இரைச்சலை மற்றது அழிக்கிறது. டோன் குமிழின் நட்டு மட்டும் இன்னும் சற்றுத் தளர்வாக இருக்கிறது. அதற்குப் பல் வாஷர் ஒன்று வாங்க வேண்டும்.