70-இல் நின்ற முள்

மூன்று மணி நேரமாக, கறிக்குள் செருகிய வெப்பமானியின் முள் நகரவே இல்லை.

விறகுப் புகையில் கறியை மெல்ல வேகவைக்கும் அடுப்பான புது ஸ்மோக்கரில் இன்று இரண்டாவது முறை. விடியற்காலையிலேயே விறகு மூட்டி, 110 டிகிரி சூட்டில் பன்றித் தோள்கறியை வைத்தாயிற்று. கறியின் உள்சூடு 70-ஐத் தொட்டதும் அப்படியே நின்றுவிட்டது.

போன தடவை இங்கேதான் பொறுமை போய் விறகை அள்ளிப் போட்டேன். நெருப்புக்குக் காற்றுப் போதாமல் வெள்ளைப் புகை குபுகுபுவென வந்தது. கறி முழுக்கக் கசப்பு.

இன்று போடவில்லை. மூடியையும் திறக்கவில்லை.

கறியில் கசியும் ஈரம் ஆவியாகும்போது, வியர்வை நம் உடம்பைக் குளிர்விக்கிற மாதிரி கறியையும் குளிர்விக்கிறது. அடுப்பு கொடுக்கும் சூடும் ஆவி கொண்டுபோகும் சூடும் சரிக்குச் சரி. மேலே ஈரம் வற்றினால் முள் தானே ஏறும்.

அவ்வப்போது ஒரு சின்னக் கட்டை, மணிக்கட்டுப் பருமன்தான். புகைபோக்கியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மெல்லிய நீலப் புகை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகம்! காத்திருப்பதும் சமையலில் ஒரு வேலை என்று இத்தனை வருஷம் எனக்குத் தோன்றியதே இல்லை.

இருட்டிய பிறகு 95.

எலும்பைப் பிடித்து மெல்ல இழுத்தேன். கத்தியே இல்லாமல், சுத்தமாக, கையோடு வந்துவிட்டது.