கோடைப் பயிற்சிக்குப் பண்ருட்டி போகிறேன்

புதுச்சேரியில் எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கும் ஒருவரிடம், தீபாவளி முடிந்த பிறகு யார் பேசினாலும், நலம் விசாரிப்பதற்கு முன்பே "சம்மர் எங்கே?" என்றுதான் கேட்கிறார்கள். இரண்டாம் பருவத் தேர்வு முடிந்ததும் மே, ஜூன் மாதங்களில் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் பணியாற்றி, அறிக்கை எழுதி, வாய்மொழித் தேர்வில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தேடல் முதல் பருவத்திலேயே தொடங்கிவிடுவதால், இருப்புநிலைக் குறிப்பில் கடன் எந்தப் பக்கம் வரும் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர், நிதித்துறையில் தமக்கு ஆழ்ந்த நாட்டம் உண்டு என்று ஒரு பக்க ரெஸ்யூமேயில் எழுதித் தர வேண்டியிருக்கிறது. பள்ளிக் கேரம் போட்டியில் வாங்கிய கோப்பை 'தலைமைப் பண்பு' என்ற தலைப்பின் கீழ் இடம்பெற்றதையும் பார்த்தேன்.

கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்துபோகிற எனக்கு, மூத்த மாணவர்கள் மாலையில் நடத்தும் மாதிரி நேர்காணல்களுக்குக் கடைசி வரை இருப்பது கடினம். ஆனால் அங்கே கேட்கப்பட்ட ஒரு கேள்வி பயனுள்ளதாக இருந்தது: புதுச்சேரியின் ஒரு பெட்ரோல் பங்கில் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் விற்கும்? நண்பர்கள் 2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரிப் பகுதியின் மக்கள்தொகை சுமார் ஒன்பதரை லட்சம் என்று தொடங்கி, அதிலிருந்து குடும்பங்கள், வாகனங்கள் என்று முறையாக இறங்கினார்கள். வரி குறைவாக இருப்பதால் இங்கே பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு என்பதும், எல்லையை ஒட்டிய முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கத்துப் பங்குகளில் கடலூர் வண்டிகள் வந்து நிரப்பிக்கொண்டு போகின்றன என்பதும் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அங்கே விற்பனையை முடிவு செய்வது உள்ளூர் மக்கள்தொகையைவிட இரண்டு அரசுகளின் வரி வேறுபாடுதான். தினமும் அந்த வழியாக வருகிறவனுக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

வளாகத்துக்கு வரும் நிறுவனங்களின் பட்டியலில் எல்லோரும் பெயரைத்தான் பார்க்கிறார்கள். என்ன வேலை தருவார்கள், யார் வழிகாட்டி, எந்தத் தரவைத் திறந்து காட்டுவார்கள் என்று கேட்பவர் குறைவு. பெரிய பெயருள்ள இடத்துக்குப் போன மூத்த மாணவர் ஒருவர், அங்கிருந்த நாள்களில் பெரும்பகுதியை வாடிக்கையாளர் கருத்துப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவதிலேயே கழித்ததாகச் சொன்னார். இறுதியாண்டு நேர்காணலில் "நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு அவரிடம் இரண்டு வாக்கியங்களுக்கு மேல் இல்லை.

இந்த நிலையில்தான், பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலை ஒன்றில் கணக்கு எழுதும் என் தாய்மாமா, "எங்க முதலாளிக்குக் கொட்டையை எப்ப வாங்குறது, எத்தன மாசம் வச்சிருக்கிறதுன்னு சொல்லு தம்பி, அதவிட என்ன பெரிய படிப்பு?" என்றார். விளையாட்டாகச் சொன்னாலும், நடப்பு மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம், என்று நாங்கள் வகுப்பில் படிப்பதன் முழு உருவமும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உள்ளூர் அறுவடை சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. ஆலை ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். அதனால் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கொட்டை வருகிறது. அதற்கு டாலரில் பணம் கட்ட வேண்டும். வாங்கி அடுக்கிய மூட்டைகள் கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் வங்கிக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. முன்கூட்டியே வாங்காவிட்டால் விலை ஏறிவிடுமோ என்ற அச்சம் இன்னொரு பக்கம்.

கொட்டையின் தரத்தை 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்று அளக்கிறார்கள். 48 பவுண்டு என்றால் சுமார் 21.8 கிலோ. அது 46 ஆகக் குறைந்தால், அதே விலைக்கு வாங்கிய மூட்டையில் நான்கு விழுக்காட்டுக்கு மேல் பருப்பு குறைந்துபோகிறது. அதன் பிறகு தரம் பிரித்தல்: பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு நின்றால் டபிள்யூ 320, பருப்பு பெரிதாக இருந்து 180-க்குள் நின்றால் டபிள்யூ 180, விலையும் அதிகம். உடைந்தவை தனி விலை. ஆக, உடைக்கும் மேசையில் ஒரு பருப்பு பிளந்தால்கூட வருவாய் மாறுகிறது. சந்தைப்படுத்தல் வகுப்பில் பிஸ்கட் விற்பனையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாங்கள், கூப்பிடு தூரத்தில் இருக்கும் இந்தத் தொழிலை ஏன் ஒருமுறைகூட ஆய்வுக்கு எடுக்கவில்லை என்று தெரியவில்லை.

வீட்டில் அப்பாவுக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடம் இருந்தால் சொந்தக்காரர்களிடம் சொல்ல எளிதாக இருந்திருக்கும். முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார், ஒரு நிபந்தனையோடு: கொள்முதல் விலையும் வாங்குவோர் பெயரும் அறிக்கையில் வரக்கூடாது. ரூபாய்க்குப் பதிலாக விழுக்காடுகளில் எழுதலாம் என்று துறை வழிகாட்டியும் அனுமதித்துவிட்டார். இப்போது என் வேலை, பழைய கிடங்குப் பேரேடுகளில் மூட்டை வந்த தேதியும் போன தேதியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மே மாதத்துக்குள் மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது.